வேனில் ஏறாமல் ஜென்னா சிலானா வரை

மே மாதம், 1998. வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை மணி. அமெரிக்காவில், நியூவர்க் விமான நிலையத்தின் எக்ஸ்ரே பெல்ட்டில் போன எங்கள் கைப்பை பாதியில் நின்றது. சோதனைக்கு நின்ற பெண்மணி பையைத் திறந்து, இரண்டு கையாலும் எங்கள் மூன்று கப் ரைஸ் குக்கரை வெளியே எடுத்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையில் மூன்று பவுண்டு அரிசி. "சைக்கிள் டூர் போகிறோம்" என்று என் கணவர் விளக்கம் சொன்னார். அந்தம்மா அவரையும் குக்கரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூடியை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு வெட்கமாக இல்லை. அந்தப் பையில் சப்பாத்தி இருபத்திநாலு, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் இருந்தன. குக்கர் மட்டும்தான் அவருடைய யோசனை. "மல ஏறுற அன்னிக்குச் சோறு இல்லாம எப்புடி? காலைல சோறு எறங்கலைன்னா எனக்கு வண்டி ஓடாது" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மற்ற நாட்களுக்குச் சப்பாத்தி, மலை நாளுக்குச் சோறு என்பது திட்டம்.

நாங்கள் இருவரும் கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள். என் கணவர் பழனிசாமி கோயமுத்தூரில் மின்பொறியியல் படித்தவர். இப்போது பார்சிப்பனியில் ஒரு ஆபீஸில் ப்ரோகிராமர். அங்கே அவருக்குப் பெயர் பால். நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் குடியேறிப் பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் எடுத்த ஒவ்வொரு லீவும் ஊருக்குத்தான். போன வருஷம் கிரீன் கார்டு வந்தது. அவர் ஆபீஸில் இத்தாலிய வம்சாவளிக்காரர் ஒருவர், தன் தாத்தாவின் தீவில் மலைச்சாலைகளில் சைக்கிள் விட்டால் மணிக்கணக்கில் ஒரு காரைப் பார்க்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். தீவின் பெயர் சார்டீனியா, மத்தியதரைக் கடலில் இத்தாலிக்கு மேற்கே இருக்கிறது. இவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து நாங்கள் சனி ஞாயிறுகளில் டெலவேர்-ராரிடன் கால்வாய்க் கரையில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாயிரமாம் வருஷம் பிறக்குமுன் கம்ப்யூட்டர்களில் தேதியைச் சரிசெய்கிற ஒய்டூகே வேலை தலைக்கு மேல் இருந்தும் மேனேஜரிடம் மன்றாடிப் பத்து நாள் லீவு வாங்கிவிட்டார். ஊருக்குப் போகாமல் எவனோ ஒருவனுடைய தீவுக்குப் போகிறார்களாம் என்று இரண்டு வீட்டிலும் போனில் ஒரு மூச்சு அழுதார்கள்.

அவருக்கு இது சர்க்கரைக்கான பயணம். எனக்கு வேறு கணக்கு. நான் நியூ ஜெர்சியில் மூன்று முறை டிரைவிங் டெஸ்ட்டில் தோற்றவள். முதல் தடவை பார்க்கிங்கில் கூம்பை இடித்தேன், இரண்டாவது தடவை ஸ்டாப் பலகையில் நிற்கவில்லை, மூன்றாவது தடவை வண்டியைக் கிளப்பவே கை வரவில்லை. பழகிக் கொடுத்தவர் இவர்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "பிரேக், பிரேக், பிரேக்" என்று மூன்று மாதம் கத்தினார். இப்போதும் தூக்கத்தில் எனக்கு அந்தக் குரல் கேட்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஓட்டுவதையே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கடை, கோயில், டாக்டர், எங்கே போவதானாலும் யாராவது ஒருவருடைய பக்கத்து சீட். பி.எஸ்ஸி. படித்தவள் நான், வேலை பார்ப்பது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில், அது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக.

ஆனால் சைக்கிள் எனக்கு வரும். அதனால் இந்தப் பயணத்தில் ஒரே ஒரு ஆசை வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் வருகிற ஜென்னா சிலானா என்ற கணவாய்க்கு, கடல் மட்டத்திலிருந்து 1,017 மீட்டர், நானே போய்ச் சேர வேண்டும். எங்கள் பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோகும் வேன் ஒன்று உண்டு, முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் என்று டூர் காகிதத்தில் போட்டிருந்தது. தோழி வீட்டில் விட்டுவிட்டு வந்த பத்து வயது மகள் காவ்யாவுக்கு அது தெரியும். "மாம், இட்ஸ் ஓகே. ஜஸ்ட் டேக் த வேன்" என்று கட்டிப்பிடித்துச் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை. ரோமில் விமானம் மாறி ஒரு மணி நேரத்தில் ஒல்பியாவில் இறங்கினோம். துறைமுக ஊர். சைக்கிள் கடைக்காரர் என் உயரத்தைக் கண்ணாலேயே அளந்து ஒரு பச்சை வண்டியை எடுத்துக் கொடுத்தார். இருபத்தொரு கியர்; வாடகை ஒரு நாளைக்கு இருபதாயிரம் லிரா. ஆயிரம் என்றதும் திடுக்கிட வேண்டாம், பதினொரு டாலர் சொச்சம்தான். இந்த நாட்டில் ஒரு காபி குடித்தாலே ஆயிரத்து முந்நூறு.

வேன் ஓட்டுநர் எஃபீசியோவும் அங்கேயே வந்து கைகொடுத்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குட்டையான, அடர்ந்த புருவக்காரர். தீவின் வடக்கே அமெரிக்கக் கப்பற்படைத் தளத்துச் சமையலறையில் வேலை பார்த்தவர் என்பதால் அவருக்கு ஆங்கிலம் வரும். "தினமும் மதியம் நான் உங்களைத் தாண்டிப் போவேன். கையைக் காட்டினால் நிறுத்துவேன். காட்டாவிட்டால் நிறுத்த மாட்டேன்" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

ஞாயிறு, காலை ஏழு மணி. ஒல்பியாவிலிருந்து தெற்கே சினிஸ்கோலா, ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர். உள்ளே புதிதாக நாலுவழிச் சாலை போட்டுவிட்டார்கள். கார்களும் லாரிகளும் அங்கே போய்விட, கடலோரப் பழைய சாலை எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சியிருக்கிறது. இடது பக்கம் கடல் வரும், மறையும், மறுபடி வரும். சாலையோரம் முழுக்க மஞ்சளாக ஒரு புதர் பூத்திருந்தது. தேன் கலந்த வாசனை. அரை மணிக்கு ஒரு கார். அதுவும் எங்களுக்குப் பின்னால் பொறுமையாக ஊர்ந்து வந்து, இடம் கிடைத்ததும் முழுச் சாலையையும் விட்டுக்கொடுத்துத் தாண்டிப் போகும். நியூ ஜெர்சியில் நெரிசலான ரூட் இருபத்தேழு சாலையில் சைக்கிள் விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த மரியாதையின் அருமை தெரியும். முதல் கார் அப்படிப் போனபோது என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். கைப்பிடியை விட்டதில் வண்டி ஆடியது.

"ரெண்டு கையும் வெச்சு ஓட்டு மல்லிகா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இந்தக் குரலைப் பற்றி இனி அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கும். இவர் என்னைவிட வேகமாகப் போகக்கூடியவர். ஆனாலும் எனக்குப் பின்னாலேயே வந்தார். "கியர் மாத்து. எறக்கம் வருது, பாத்து. ஓரமா போ. தண்ணி குடி." பொசாடா என்ற ஊரில் ஒரு குன்றின் தலையில் பழைய கோட்டை நிற்கிறது. அதை நிமிர்ந்து பார்த்ததற்கும் "ரோட்டப் பாரு" என்றார். கரிசனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஐம்பத்தைந்து கிலோமீட்டரும் கரிசனம் கூடவே வந்தால் மனுஷிக்கு மூச்சு முட்டாதா?

திங்கள், சினிஸ்கோலாவிலிருந்து ஒரொசேய், முப்பத்தேழு கிலோமீட்டர். செவ்வாய், ஒரொசேயிலிருந்து பளிங்குக் குவாரிகளைத் தாண்டி தோர்காலி, இருபத்தொன்று. இதில் பாதி ஏற்றம். சப்பாத்தி இந்த இரண்டு நாளில் தீர்ந்தது. தோர்காலி மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிற ஊர். எங்களுக்கு அறை மரியா என்கிற அம்மாளின் வீட்டு மாடியில், இருவருக்கும் காலைச் சாப்பாட்டோடு தொண்ணூறாயிரம் லிரா. கணவனை இழந்தவர், அறுபதைத் தாண்டியவர், குரல் மட்டும் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் மாதிரி. மாமிசம், மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்று நான் கையால் நடித்துக் காட்டியதும் என் கன்னத்தைத் தட்டி ஏதோ சொன்னார். பாவம் என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

புதன், காலை ஆறு மணி. மலை நாள். ஆறரைக்குப் புறப்படுவதாகத் திட்டம். தோர்காலியிலிருந்து கணவாய் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், அறுநூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். எஃபீசியோ முந்தின நாளே கணக்குச் சொல்லியிருந்தார். மேலே கணவாயில் நாலு மணி வரை காத்திருப்பார். அதற்குமேல் நிற்க முடியாது, அடுத்த ஊரில் பெட்டிகளை இறக்க வேண்டும். நாலுக்குள் வராதவர்களைக் கீழே இறங்கி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார். காலைக் குளிரில் நான் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் ஏறுவேன், வெயில் ஏறிவிட்டால் மூன்றரைதான். ஆறரைக்குக் கிளம்பினால் நாலு மணி என்பது எனக்குத் தாராளம்.

என் கணவர் அரிசியைக் களைந்து, தண்ணீர் அளந்து, குக்கரை அறையின் சுவர் ப்ளக்கில் சொருகினார். அதற்கென்று எடிசனில் இந்தியக் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டில் மூன்று டாலர் கொடுத்து ஒரு அடாப்டர் வாங்கி வந்திருந்தார். "பாத்தியா, நம்மூரு மாதிரியே உருண்ட பின்னு. கரெக்டா உக்காருது" என்றார் பெருமையாக.

உட்கார்ந்தது. நம்மூர் மாதிரியேதான் இருநூற்று இருபது வோல்ட்டும் வந்தது. குக்கரோ நூற்றுப்பத்துக்குச் செய்த அமெரிக்கக் குக்கர். ஒரு நிமிஷத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. "அட, என்னா ஸ்பீடு" என்றார் மின்பொறியாளர். அடுத்த நிமிஷம் அடியிலிருந்து கறுப்பாகப் புகை, படார் என்று ஒரு சத்தம். அறை விளக்கு போயிற்று. மாடிப்படி விளக்கு போயிற்று. கீழே சமையலறையிலிருந்து மரியாவின் குரல் மேலே வந்தது.

இந்தத் தப்பை வெள்ளைக்காரன் செய்ய மாட்டான், அவன் குக்கர் தூக்கிக்கொண்டு வர மாட்டான். கோபியிலிருந்து நேராக வருகிறவனும் செய்ய மாட்டான், அவன் குக்கர் இந்த வோல்ட்டுக்கே செய்தது. ஊரின் சோற்றையும் அமெரிக்காவின் குக்கரையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு மூன்றாவது தேசத்துக்குப் போகிற எங்களைப் போன்றவர்களுக்கென்றே இந்தத் தப்பு காத்திருந்திருக்கிறது.

மெயின் ஃப்யூஸ் கருகிவிட்டது. இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு, "நானே பாத்தர்றேன், நான் படிச்சதே இதுதானே" என்று பெட்டியைத் திறக்கப் போனார். மரியா கரண்டியோடு குறுக்கே வந்து நின்றார். படித்தது போதும் என்று அவர் முகம் சொன்னது. எலக்ட்ரீசியன் வருவான், உட்காருங்கள் என்று சைகை காட்டினார்.

"கெளம்பிர்லாம் மல்லிகா, டைம் ஆகுது. ஃப்யூஸுக்குக் காசு குடுத்துட்டா முடிஞ்சுது" என்றார் இவர் மெதுவாக.

"ஏனுங்க, ஒரு பொம்பள ஊட்ட இருட்டாக்கிப் போட்டு எப்புடிங்க கெளம்புறது? லைட் எரியட்டும், அப்பறம் போலாமுங்க" என்றேன். சொல்லும்போதே என் கணவாய் கை நழுவுவது தெரிந்தது. எட்டு மணி. ஒன்பது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மரியா சும்மா இருக்கவில்லை. கேஸ் அடுப்பில் உலை வைத்து, ஒரு துணியை விலக்கினார். உள்ளே வரிசையாகக் கொழுக்கட்டைகள்! கோதுமை மாவு, ஓரம் கதிர் போலப் பின்னல் போட்டது. உள்ளே உருளைக்கிழங்கு, புதினா, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. குலுர்ஜோனெஸ் என்று பெயர் சொன்னார். எங்கள் சோற்றைக் கெடுத்த வீட்டிலேயே எங்களுக்குச் சோறு போடுகிறாரே என்று நெகிழ்ந்தேன். வீட்டைக் கெடுத்தது நாங்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நான் ஆறு சாப்பிட்டேன். இவர் ஒன்றை முகர்ந்து பார்த்து, ஆட்டு வாசனை என்று வைத்துவிட்டார். இரண்டு ரொட்டியும் காபியும்தான் அவர் வயிற்றில். மிச்சத்தைத் தாளில் சுற்றி மரியா என் பையில் திணித்தார். ஃப்யூஸுக்கு எவ்வளவு என்று கேட்டபோது கரண்டியை ஓங்கினார், அவ்வளவுதான்.

பத்து மணி பத்து நிமிஷம். விளக்கு எரிந்தது, கிளம்பினோம். வெயில் ஏறிவிட்டிருந்தது.

ஊரைத் தாண்டினதும் சாலை ஏற ஆரம்பித்து, பிறகு அநேகமாக ஏறிக்கொண்டே இருந்தது. வலது பக்கம் ஒரு பள்ளத்தாக்கு விழுந்து, அதற்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் மலைகள் வெள்ளைச் சுவராக எழுந்து நின்றன. சாலைப் பராமரிப்பு ஆட்களுக்கென்று கட்டின பழைய செங்காவி நிற வீடு ஒன்று, பூட்டிக் கிடந்தது. பெயர்ப் பலகைகளிலெல்லாம் துப்பாக்கி சுட்ட ஓட்டைகள். வேட்டைக்காரர்கள் குறி பார்த்துப் பழகுவதாம், பயப்பட ஒன்றுமில்லை என்று எஃபீசியோ முன்பே சொல்லியிருந்தார். கிலோமீட்டர் கல்லில் எண்கள் தெற்கே போகப் போகக் குறைந்துகொண்டு வந்தன. ஏறுகிறவளுக்கு எண் குறைவது ஒரு ஆறுதல்.

பின்னால் குரலும் ஏறி வந்தது. "சின்னக் கியர் போடு. இப்பவே தம் கட்டாத. மூச்சு வாங்குதா? நில்லு. நிக்காத, ரிதம் போயிரும்." ஏழாவது கிலோமீட்டரில், ஒரு வளைவில், எதிரே ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. "பிரேக், பிரேக்!" என்றார்.

நான் பிரேக் பிடித்தேன். ஏற்றத்தில் பிரேக் பிடித்தால் என்ன ஆகும், அப்படியே சாய்ந்து விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்தது. மோட்டார்சைக்கிள்காரர் நிறுத்தி, நான் எழுந்து நிற்கும்வரை பார்த்துவிட்டுப் போனார்.

"நாஞ்சொன்னது..." என்று இவர் ஆரம்பித்தார்.

"ஏனுங்க" என்றேன். கோபத்தில்தான். "நீங்க முன்னால போயிருங்க. பின்னால வராதீங்க. நிக்காதீங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"தனியாவா?"

"உங்க கொரல் கேட்டுட்டுத்தானுங்க நாலு வருசமா நான் ஸ்டீரிங் தொடாம இருக்கறேன்."

இதை நான் அவரிடம் அதுவரை சொன்னதே இல்லை. அவருக்கு முகம் விழுந்துவிட்டது. வண்டியில் ஏறிப் போனார். வேகமாகத்தான் போனார், கோபம் மிதித்த வேகம். அடுத்த வளைவில் மறைந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தச் சாலை என் காதில் விழுந்தது. சங்கிலி ஓடுகிற சத்தம், என் மூச்சு, எங்கோ கீழே ஆடுகளின் கழுத்து மணி. ஒரு தாய்ப்பன்றியும் ஐந்து குட்டிகளும் சாலையைக் கடந்தன. அவசரமே இல்லை அவற்றுக்கு. நானும் காலை ஊன்றி நின்று வழி விட்டேன். அரை மணி நேரத்துக்கு ஒரு வண்டிகூட வரவில்லை. நாற்பத்தொரு வயதில், இத்தனை பெரிய இடத்தில், என்னை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது பயமாகவும் இருந்தது, சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருந்தது.

ஒரு மணி ஐம்பது. பதின்மூன்றாவது கிலோமீட்டர் இருக்கும். சாலையோரக் கல்லில் இவர் உட்கார்ந்திருந்தார். வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது, முகமெல்லாம் வியர்வை. அரை வயிற்றோடு கோபத்தில் மிதித்தால் வேறென்ன ஆகும்? கொழுக்கட்டைப் பொட்டலத்தையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தேன். ஆட்டு வாசனை ஊறுகாயில் அடங்கிவிட்டது போலிருக்கிறது, ஐந்தை விழுங்கினார். காலை நீவிவிட்டேன். உப்பு இறங்கினதும் பிடிப்பு கொஞ்சம் விட்டது. ஆனால் எழுந்து இரண்டு மிதி மிதிப்பதற்குள் மறுபடி இழுத்தது.

"மன்னிச்சுக்க அம்மிணி" என்றார் காலைப் பார்த்துக்கொண்டே. எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எஃபீசியோவின் வேன் வந்தது. இவர் கையைக் காட்டினார். சைக்கிளைப் பின்னால் ஏற்றி, இவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தோம். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியே என்னைப் பார்த்தார்.

"நீயும் ஏறிக்க மல்லிகா. மணி ரெண்டே கால். இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்குது. வழி தெரியாத ஊரு..."

"ரோடு ஒண்ணுதானுங்களே" என்றேன்.

எஃபீசியோ என்னைப் பார்த்தார். நான் கையைக் காட்டவில்லை. அவர் தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு வேனைக் கிளப்பினார்.

அந்த ஏழு கிலோமீட்டரைப் பற்றி அழகாக எழுத எனக்குத் தெரியவில்லை. வெயில். நிழல் தரும்படி மரம் இல்லை, இடுப்புயரப் புதர்தான். தண்ணீர் சூடாகிவிட்டது. தொடை எரிந்தது, பிறகு மரத்துப்போயிற்று. ஒரு இடத்தில் இறங்கி இருநூறு மீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். அதை மறைக்க மாட்டேன். நடந்ததும் என் கால்தான். மூன்று மணி இருபதுக்கு, எதற்கு இந்த வீம்பு, கேட்பார் யார், வேன் வந்தால் ஏறிவிடுவோம் என்று தோன்றியது. மூன்று முப்பதுக்கும் தோன்றியது. வேன் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

பிறகு ஒரு வளைவு திரும்பியது, காற்று முகத்தில் அடித்தது, மிதிப்பது திடீரென்று இலேசாயிற்று. சாலையோரம் ஒரு சாப்பாட்டு விடுதி, வாசலில் எங்கள் வேன். ஜென்னா சிலானா, 1,017 என்று பலகை. அதிலும் நாலு குண்டு ஓட்டை.

என் கணவர் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தார். நான் கிட்டே வந்ததும் வாயைத் திறந்தார். பிரேக் என்று வரப்போகிறது என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டார். நானே பிரேக் பிடித்தேன், நானே இறங்கினேன்.

"மூணு அம்பத்திரண்டு" என்றார். அப்புறம் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு எப்போதோ கலங்கிவிட்டிருந்தது.

எஃபீசியோ காபி வாங்கி வந்தார். "உங்கள் கணவர் மூன்று தடவை கீழே போகலாம் என்றார். சாவியை நான் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தம்மா கையைக் காட்டவில்லை, நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சொன்னேன்" என்றார். அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டேன். காபிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். நன்றிக்கு இத்தாலியில் ஒரு வார்த்தை தெரியும், அதையே நாலைந்து தடவை சொன்னேன்.

மாலை ஐந்தரைக்கு அடுத்த ஊரான பவுனே போய்ச் சேர்ந்தேன். கணவாயிலிருந்து பவுனே வரை இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் இறக்கம். இவர் வேனில் முன்னால் போய்விட்டார். மேய்ச்சல் மேடுகளும் ஓக் மரங்களும் தாண்டி, கடைசியில் கடல் முழுசாகக் கண்ணுக்கு வந்தது. மறுநாள் இருவரும் சேர்ந்து அர்பதாக்ஸ் துறைமுகத்துக்கு இறங்கினோம். அங்கே பாறைகள் செக்கச்செவேலென்று கடலுக்குள் நிற்கின்றன. இவர் அன்று முழுக்க எனக்கு முன்னால்தான் போனார். பேச்சும் குறைவு. கருகிய குக்கர் மட்டும் பையில் எங்களோடு கப்பலேறி ரோம் வந்து, அங்கே விடுதிக் குப்பைத்தொட்டியில் அடக்கமாயிற்று.

எடிசனுக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, வீட்டிலிருந்து ஓக் ட்ரீ ரோட்டுக் கடைக்குச் சைக்கிளில் கிளம்பினேன். இரண்டரை மைல். மேடு என்று ஒன்றும் கிடையாது. பதினோரு வருஷமாகக் காரில் மட்டுமே போன தூரம் அது. காவ்யாவை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவர இவர் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

பாதி வழியில் கோயிலில் பழக்கமான சென்னை ஆன்ட்டி காரை ஓரங்கட்டினார். "என்ன மல்லிகா, கார் ரிப்பேரா? சைக்கிள்ல எல்லாம் வர்றே? அத லாக் பண்ணிட்டு ஏறு, டிராப் பண்றேன்." அடுத்து, காவ்யாவின் தோழியின் அப்பா. அதற்கடுத்து, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். சார்டீனியாவில் ஐந்து நாளில் என்னை ஏற்றிக்கொள்ள வந்தது ஒரே ஒரு வேன். இங்கே இரண்டு மைலுக்குள் மூன்று கார். எங்கள் ஊர் அவ்வளவு நல்ல ஊர். அத்தனை பேருக்கும் மனமார நன்றி சொல்லி அனுப்பினேன்.

நாலாவதாகப் பின்னால் ஒரு கார் வேகம் குறைந்தது. சத்தத்திலேயே தெரிந்தது, எங்கள் கார். என்னை மெதுவாகத் தாண்டியது. பின் சீட்டில் காவ்யா ஈரத்தலையோடு கையை ஆட்டினாள். கார் ஓரம் ஒதுங்கியது. வலது இண்டிகேட்டர் மின்னியது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு இண்டிகேட்டர் அணைந்தது. கார் மறுபடி நடுச்சாலைக்கு வந்து, வேகம் பிடித்து, சிக்னலைத் தாண்டிப் போய்விட்டது.

மரியாவுக்கும் எஃபீசியோவுக்கும் கார்டு போட்டு நன்றி எழுதிவிட்டேன். அந்த அணைந்த இண்டிகேட்டருக்கு இவருக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. இதைப் படிப்பார், அதனால் இங்கேயே சொல்லிக்கொள்கிறேன்.